‘பெரிய டாக்டர் எங்கே?’ என்று கேட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

மூத்த மகள்:
அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஐந்தாம் நாள் இரவு அது. இரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு அளவுகளைப் பார்க்கும் ஏபிஜி பரிசோதனைக்காக மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுக்க வந்த பயிற்சி மருத்துவர், இரண்டு முறை குத்தியும் கிடைக்காமல் மூன்றாம் முறைக்கு நாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, “நீங்கள் விடுங்கள், பெரிய டாக்டரை வரச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மறுபேச்சின்றிக் கையுறையைக் கழற்றினார். புறங்கையில் படுக்கை எண்ணும் பொட்டாசியம் அளவுமாகப் பேனாவால் எழுதிய ஆறேழு வரிகள் இருந்தன. முதல் வரி அப்பாவுடையது. மறுநாள் ரவுண்ட்ஸில் தலைமை மருத்துவர் இரண்டு நிமிடம் நின்றார். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் காகிதத்தைப் பார்க்காமல் பதில் சொன்னவர் அந்தப் பெண்தான். நான் கும்பிட்டதோ தலைமை மருத்துவரை.

கடைசி மகன்:
மேலே எழுதியவர் ஏன் வருந்துகிறார் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு முறை தவறினால் மூத்தவரை அழைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதை நாம் கேட்டுப் பெறும்படி வைத்திருக்கக் கூடாது. அம்மாவுக்கு முதுகுத்தண்டு நீர் எடுக்க வந்த இளைஞரிடம், “இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்தார். பிறகு, “சார் பக்கத்திலேயே இருப்பார்” என்றார். சார் இருந்தார், ஒரே குத்தில் நீரும் வந்தது. ஆனால் நான் கையெழுத்திட்ட படிவத்தில், ஊசியைப் பிடிக்கப்போவது யார் என்று ஒரு வரிகூட இல்லை.

பழைய ஹவுஸ் சர்ஜன்:
அரை மணி நேரம் சோதித்து, மருந்தும் எழுதி முடித்த பிறகு, “தம்பி, டாக்டர் எப்போது வருவார்?” என்று என்னிடம் கேட்ட பாட்டி ஒருவர் உண்டு. “இதோ வந்துவிடுவார்” என்று சொல்லி நகர்ந்தேன். என் கதை அவ்வளவே. மற்றபடி இருவருக்கும் சில சொல்ல வேண்டும். வெள்ளை அங்கியை வைத்து ஆளை எடை போடாதீர்கள். மாணவர் தாமாக மருந்து எழுத முடியாது. ஹவுஸ் சர்ஜன் என்பவர் படிப்பை முடித்துக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர், மூத்தவர்களின் மேற்பார்வையில் வேலை செய்பவர். பட்டமேற்படிப்பில் இருப்பவரோ ஏற்கெனவே முழு மருத்துவர், ஒரு துறையில் நிபுணராவதற்குப் பயில்பவர். அமெரிக்காவில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களைப் படுக்கையருகே நிறுத்திக் கற்பித்தார். படுக்கையருகே கற்காமல் மருத்துவர் உருவாவதில்லை. இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. பயிற்சி மருத்துவர்களின் வேலைக்கு அமெரிக்காவில் 2003-இல் கொண்டுவந்த உச்சவரம்பே சராசரியாக வாரம் 80 மணி நேரம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே, ஊசியைக் கையில் எடுத்த பிறகு கேட்காமல், பணி மாறி வரும்போதே கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, பயிற்சியில் எந்த நிலையில் இருக்கிறீர்கள், இன்றிரவு உங்களுக்கு மேல் முடிவெடுப்பவர் யார்? இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூத்த மகள்:
கடைசி மகன் அவர்களே, மூத்தவரை அழைப்பது அவர்கள் பொறுப்பு என்பது சரிதான். ஆனால் நான் அன்று அவருக்குத் துணையாக ஆள் கேட்கவில்லை. அவரை விலக்கச் சொன்னேன். அழைத்து வந்த சீனியருக்கும் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹவுஸ் சர்ஜன் பெயரைக் கேட்கச் சொல்கிறார். அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கிய அட்டை அத்தனை நாளும் பின்பக்கம் காட்டியே கிடந்தது.