அவர் ஒரகடத்தில், நான் மதுரையில்: பேச்சே குறைந்துவிட்டது, என்ன செய்ய?

கேட்டவர்: மதுரை நர்ஸ்

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 26. அவர் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. நான்கு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியாயிற்று. ஆனால் அவருடைய தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் எங்களுக்கு என்று பேச்சு. அதற்கு இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும்.

எனக்குச் சம்பளம் 16,000. அவருக்குப் பிடித்தம் போகக் கையில் வருவது 17,500. அவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும், எனக்கு மாதத்தில் பத்து நாள் நைட் டூட்டி. நான் நைட் முடித்து ஹாஸ்டலில் வந்து படுக்கும்போது அவர் ஃபோனை லாக்கரில் போட்டுவிட்டு லைனுக்குப் போயிருப்பார். அவர் ரூமுக்கு வரும்போது நான் வார்டில் மருந்து டிராலியோடு நிற்பேன். இதெல்லாம் பழகிப்போனதுதான், இதற்காக நாங்கள் சண்டை போட்டதில்லை.

முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை வந்துவிடுவார். பொங்கலுக்கு வந்தவர் அப்புறம் வரவில்லை. கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்பார். போன வாரம் அவருடைய ரூம்மேட் பேச்சுவாக்கில், "அவன் நாலு வாரமா ஞாயித்துக்கிழமை ரூம்லதான் படுத்துக் கிடக்கான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. கேட்டேன், சண்டையாகிவிட்டது. ஐந்து நாளாக "சாப்டியா", "ம்" இரண்டோடு முடிகிறது.

அவர் மனசு மாறிவிட்டதா? இப்படிப் பிரிந்து இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?

பதில்: ஒரத்தநாட்டு அக்கா

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 2011-ல் சிங்கப்பூர் போனார், கட்டட வேலைக்கு. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். ஏஜென்ட்டுக்குக் கட்டியதில் பாதி, மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். வொர்க் பெர்மிட்டில் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் ஆறு வருடம் எங்களுக்கு ஃபோன்தான். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. ஓவர்டைம் முடித்துக் குளித்து அவர் கூப்பிடும்போது அங்கே பத்தரை, இங்கே எட்டு மணி. கூடத்தில் மாமியாரும் நாத்தனாரும் டி.வி. முன்னால் இருப்பார்கள். நான் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்று பேசுவேன்.

முதல் வருடம் முழுக்க அவர் "நல்லா இருக்கேன்" என்பார், நானும் "நல்லா இருக்கேன்" என்பேன். அதற்கு மேல் ஓடாது. ஒரு மாதம் பணம் வரவில்லை, ஃபோனும் வரவில்லை. பன்னிரண்டு நாள். நான் நினைக்காத கெட்டது இல்லை. பதின்மூன்றாம் நாள் கூப்பிட்டார். சைட்டில் வேலை முடிந்து ஓவர்டைம் நின்றுவிட்டதாம், சாப்பாட்டுக்கே கூட இருந்தவரிடம் கடன். "அனுப்பப் பணம் இல்லாத மாசத்துல எந்த முகத்தோட உன்கூடப் பேசுறது?" என்று கேட்டார். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

மறுநாளே கடைத்தெருவில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதலில் கணக்கு. இந்த வாரம் எத்தனை மணி நேரம் ஓவர்டைம், சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஃபோன் கார்டுக்கு எவ்வளவு என்று அவர் சொல்லுவார். வட்டி கொடுத்தது, சொசைட்டியில் பால் ஊற்றி வந்தது, அத்தைக்கு மாத்திரை வாங்கியது என்று நான் சொல்லுவேன். இரண்டு பேரும் ஒரே நோட்டுக்குள் வந்துவிட்டோம். அதற்கப்புறம்தான் பேச்சே வந்தது. அங்கே தேக்கா கடைத்தெருவில் எனக்கு ஒரு சேலையை விலை கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாமல் திரும்பி வந்ததைக்கூடச் சொல்லுவார். நிறம் என்ன என்று கேட்பேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அந்தச் சேலை வரவே இல்லை, ஆனால் உடுத்திப் பார்த்த மாதிரி நினைவிருக்கிறது. கடனில் கடைசி ஐந்தாயிரத்தை அடித்த அன்று இரண்டு பேருக்கும் பேச வரவில்லை, அழுதுகொண்டே இருந்தோம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் பொய் சொன்னது தப்புதான், அதை அவரிடம் நேராகவே சொல். ஆனால் மனசு மாறியவர் ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது சுற்றப் போயிருப்பார். இவர் ரூமில் படுத்துக் கிடக்கிறார். கையில் காசில்லாத ஆம்பளை செய்கிற காரியம் அது. தங்கை கல்யாணத்துக்குச் சீட்டு எதுவும் போட்டிருக்கிறாரா? "ஏன் வரல" என்று இனிமேல் கேட்காதே. "இந்த மாசம் கையில எவ்வளவு நிக்குது?" என்று கேள். அதற்கு முன்னால் உன்னுடையதைச் சொல். நீயும் எதையாவது மறைத்துத்தான் வைத்திருப்பாய்.

ஷிஃப்ட் ஒத்துவராத நாட்களில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. வார்டிலிருந்து ஹாஸ்டலுக்கு நடக்கும்போது அன்றைக்கு நடந்த ஒன்றை அப்படியே சொல். டீ பிரேக்கில் அவர் கேட்டுக்கொள்வார்.

பதில்: படப்பை ரூம்

சிஸ்டர், நானும் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். கான்ட்ராக்டில் ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ் டிக்கெட் ஆயிரத்தைத் தாண்டும். அதனால்தான் பல பேர் ஊருக்குப் போகாமல் தூங்குகிறோம்.

நாங்கள் கண்டுபிடித்த வழி, நடுவில் திருச்சியில் சந்திப்பது. அவர் சனிக்கிழமை ராத்திரி தாம்பரத்தில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை திருச்சி. நீங்கள் ஞாயிறு காலை மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். சாயங்காலம் அதே வைகை சென்னையிலிருந்து திரும்பும், ராத்திரி மதுரை. யாருக்கும் லீவு போகாது, லாட்ஜ் செலவும் இல்லை. திங்கட்கிழமை அவருக்கு செகண்ட் ஷிஃப்ட் வருகிற வாரமாக மட்டும் பாருங்கள், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் போய்ச் சேர முடியாது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. இரண்டு பேர் ஷிஃப்ட் சார்ட்டையும் வைத்து இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள். தட்கலை நம்ப வேண்டாம்.

ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் மத்திய பஸ் ஸ்டாண்ட். ஒன்றாம் நம்பர் பஸ் ஸ்ரீரங்கம் போகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு மட்டும் எடுத்தால் போதும். நானும் என் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது தடவை அப்படிச் சந்தித்திருக்கிறோம். அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியைப் பார்த்தபடி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோறு சாப்பிடுவோம்.

கேட்டவர்: மதுரை நர்ஸ்

அக்கா, நேற்று நைட் டூட்டி முடிந்து நடந்து வரும்போது வாய்ஸ் மெசேஜ் போட்டேன். என் விஷயத்தை முதலில் சொன்னேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு 20,000 கைமாற்று வாங்கியிருக்கிறேன், அவரிடம் சொல்லவே இல்லை. இதைச் சொல்ல எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

மதியம் வரைக்கும் பதில் இல்லை. அப்புறம் ஒரு ஃபோட்டோ வந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தார். சீட்டு 6,000, வீட்டுக்கு 5,000, ரூம் 1,800, மெஸ் 3,200, ஃபோன் 300. மீதி 1,200. அதற்குக் கீழே "மதுரை" என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் போடாமல் விட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் கூப்பிட்டேன். அவர் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார், ரூம்மேட் விஷயத்தில் கத்தியதற்கு நானும் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம்.

படப்பை அண்ணா, ஷிஃப்ட் சார்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு ஒத்துவருகிறது, இன்சார்ஜிடம் ஆஃப் கேட்டுவிட்டேன். டிக்கெட்டும் போட்டாயிற்று. எனக்கு வைகையில் ஜன்னல் பக்கம் கிடைத்திருக்கிறது. அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் 14. கன்ஃபர்ம் ஆகாவிட்டால் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டாவது வருகிறேன் என்கிறார். புளிச்சோற்றுக்கு ஹாஸ்டல் சமையல் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.