தொடையில் பட்டை கட்டிப் பயிற்சி: செய்தவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பாவின் வலது தொடை வற்றிவிட்டது. சம்பா நடவுக்குள் வரப்பில் நடந்தே தீருவேன் என்கிறார். பிசியோதெரபிஸ்ட் தொடையின் மேற்பகுதியில் காற்றுப்பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தைக் குறைத்து, தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதம் மட்டும் வைத்து 30, 15, 15, 15 தடவை என நான்கு சுற்றாகக் காலை நீட்டச் சொல்கிறார். ஜப்பானின் 'காட்சு' முறைதான். ஆக்சிஜன் குறைவதால் தசை சீக்கிரம் களைத்து, கனமான எடைக்கு மட்டுமே எழும் பெரிய இழைகளும் வேலைக்கு வந்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அப்பாவுக்கு வெரிகோஸ் நரம்பு உண்டு. ஆயுள் முழுக்கச் சேற்றில் நின்ற கால். ரத்தம் உறைந்துவிடுமோ என்று பயம். இப்படி இருப்பவர்கள் யாராவது செய்திருக்கிறீர்களா? பட்டையின் அழுத்தத்தை டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் கருவி) வைத்து அளந்தார்களா, கைக்கணக்கா? தஞ்சாவூர், கும்பகோணத்தில் அளந்து செய்யும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.