லாஸ்கோ குகையின் நகலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

கால்போனபோக்கு:
பிரான்சின் லாஸ்கோ குகையில் ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பயணத் திட்டம் போட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: குகையை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் நகல்தான், பெரும்பாலும் 2016-இல் திறந்த கட்டடத்துக்குள் இருப்பது. ஏட்டுச் சுரைக்காய்க்கு எதற்கு விமான டிக்கெட்?

குகைவாசி:
ஏன் மூடினார்கள் என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. 1940-இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள், 1948-இல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே. அத்தனை பேர் மூச்சிலும் ஈரப்பதமும் கரியமில வாயுவும். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் பச்சைப்பாசி படர்ந்தது, இன்னொரு பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. பதினேழாயிரம் வருடம் தாங்கிய ஓவியம் பதினைந்து வருட ரசிகர்களைத் தாங்கவில்லை.

கால்போனபோக்கு:
மூடிய பிறகு மட்டும் என்ன வாழ்ந்தது? 2001-இல் உள்ளே வெள்ளைப் பூஞ்சை பரவியதே, அப்போது எந்தச் சுற்றுலாப் பயணி போனார்? அதற்குச் சற்று முன்புதான் பழைய காற்றுச் சீரமைப்புக் கருவியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தார்கள். எங்களைத் துரத்திவிட்டு நிபுணர்கள் மட்டும் போய்வந்தாலும் குகைக்கு நோய் வந்தது. பழி மட்டும் எங்கள் மூச்சின் மேல்.

குகைவாசி:
அது என் கட்சிக்குத்தான் வலு. பத்துப் பேர் போனாலே ஆபத்து என்றால் ஆயிரம் பேர்?

மண்ணும்கல்லும்:
இருவருமே நகல், நகல் என்கிறீர்களே, அப்படியானால் 'மூலம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? கூட்டத்துக்காக லாஸ்கோவின் வாசலை அகலப்படுத்தி, தரையை வெட்டித் தாழ்த்தி, மின்விளக்கு போட்டார்கள். வரைந்தவர்கள் கொழுப்பு எரியும் கல்விளக்கின் ஒளியில் வரைந்தவர்கள். அப்படி ஒரு விளக்கு அங்கேயே கிடைத்தது. 1955-இல் வரிசையில் நின்றவர் பார்த்ததும் பாதி மாற்றிய குகைதான்.

பிரான்சிலேயே இன்னொரு ஓவியக் குகையான ஷோவேயைப் பாருங்கள். 1994-இல் கண்டுபிடித்தார்கள், பொதுமக்களுக்கு ஒருநாளும் திறக்கவில்லை. அதனால் தரையில் குகைக் கரடிகளின் கால்தடம்கூட அப்படியே இருக்கிறது. லாஸ்கோ தரையில் என்னென்ன இருந்ததோ, வெட்டி எடுத்த மண்ணோடு போயிற்று. எனக்கு ஓவியத்தைவிட இதுதான் பெரிய இழப்பு. (சரி, நான் மண் கிளறுகிற ஆள், அப்படித்தான் பேசுவேன்.)

கால்போனபோக்கு:
அப்படியானால் நாங்கள் வீட்டிலேயே திரையில் பார்த்துக்கொள்கிறோம். நகலுக்கும் திரைக்கும் என்ன வித்தியாசம்?

குகைவாசி:
அளவு! லாஸ்கோ சுவரில் வரைந்த காளைகளில் ஒன்று ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். திரையில் அது உள்ளங்கை அளவு. நகலில் தலைக்கு மேல் பாறை வளைந்து வரும்போது, அந்த வளைவையே விலங்கின் வயிறாக்கியிருப்பது தெரியும். 1983-இல் திறந்த முதல் நகலை மோனிக் பெய்த்ரால் என்ற ஓவியர் வருடக்கணக்கில் கையாலேயே வரைந்தார். அச்சடித்த படம் இல்லை அது.

நான் இரண்டாவது முறை போனபோது, பத்து நிமிடம் கழித்து நகல் என்பதே மறந்துவிட்டது. வெளியே வந்ததும் நினைவுப் பொருள் கடைதான் ஞாபகப்படுத்தியது.

மண்ணும்கல்லும்:
கால்போனபோக்கு, உங்களுக்கு ஒரு வழி உண்டு. லாஸ்கோ இருக்கும் அதே வெசேர் பள்ளத்தாக்கில் ஃபோன்-தெ-கோம் குகை இருக்கிறது. வண்ணத்தில் தீட்டிய காட்டெருமைகள், நகல் இல்லை, மூலமே. சிறு குழுக்களாக விடுகிறார்கள், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ரூஃபின்யாக் குகையில் சின்ன மின்ரயிலில் உட்கார்ந்து மாமத யானை ஓவியங்களைப் பார்க்கலாம். தெற்கே பைரனீஸ் மலையில் நியோ குகை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டும். ஸ்பெயினின் அல்தாமிரா குகையை நம்பிப் போகாதீர்கள். வாரத்துக்கு ஐந்து பேர் என்று குலுக்கலில் விட்ட இடம் அது.

கால்போனபோக்கு:
ஃபோன்-தெ-கோம் இன்னும் திறந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை சண்டை எதற்கு? நகல் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. அங்கே போகும்போது வழியில் இருந்தால் எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

குகைவாசி:
அப்படியானால் நகலை முதலில் பாருங்கள். மூலத்தைப் பார்த்துவிட்டு அங்கே போனால் குறை மட்டும்தான் கண்ணில் படும்.

மண்ணும்கல்லும்:
நான் தலைகீழாகச் சொல்வேன். ஃபோன்-தெ-கோமில் நிறம் மங்கித்தான் இருக்கும். மங்கலுக்குக் கண் பழகட்டும், அப்புறம் போய் நகலின் பளபளப்பைப் பாருங்கள்.