அப்புச்சி சேத்து வெச்ச வெள்ளி பொம்மைங்க, உருக்கறதா வெச்சுக்கறதா?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. எங்க அப்புச்சி மில் மெஷின் ஏவாரத்துக்கு ஊரு ஊரா சுத்துனவரு, போற எடத்துல எல்லாம் ஷோகேஸ் பொம்மை ஒண்ணு வாங்கிட்டு வந்துருவாரு. இப்ப பாகம் பிரிக்கறப்ப அந்த அலமாரி என்ற அம்மா பங்குக்கு வந்துருக்குது. மரக்கட்டை மேல நிக்கிற இத்தாலி குதிரை (நல்ல கனம், அடில 925ன்னு, அதாவது 92.5% வெள்ளின்னு ஸ்டிக்கர்), கருப்பு யானை ஒண்ணு மேல பூரா வெள்ளில பூ வேலை, நம்மூர்லயே செஞ்ச பசுவும் கன்னும், அப்பறம் தோகைல பச்சை நீலம் வெச்ச மயிலு. எல்லாம் கறுத்துப் போய் கெடக்குது. மாமா என்னடான்னா மொத்தத்தையும் சேலம் கொண்டுபோயி உருக்கிட்டு புள்ளைங்களுக்கு கொலுசா மாத்திக்கலாம்ங்கறாரு. ஒரு கடைல மிஷின்ல வெச்சு பாத்துட்டு குதிரை 92 காட்டுதுன்னு சொன்னாங்க, அப்ப எடைக்கு எடை வெள்ளி விலை கெடைக்கும் தானுங்களே?

செவ்வாப்பேட்டை தம்பி:
அண்ணா அவசரப்படாதீங்க. எங்கூட்ல வெள்ளிப் பட்டறை தான், அதனால சொல்றேன். அந்த எக்ஸ்ரே மிஷின் மேல்தோலை மட்டும் தான் படிக்கும், உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது. இந்த மாதிரி இத்தாலி பொம்மை பலதும் ரெசின்ல (பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகற பொருளு) உருவம் செஞ்சு, மேல கரண்ட் கடத்தற பூச்சு குடுத்து, வெள்ளி கரைசல்ல முக்கி கரண்ட் விட்டு படிய வெக்கிறது. மேல இருக்கறது நெசமாலுமே நல்ல வெள்ளி தான், ஆனா ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது, கனமெல்லாம் உள்ள இருக்கறதோடது. கட்டி வெள்ளின்னா முத்திரை உலோகத்துலயே அடிச்சிருக்கும், ஸ்டிக்கர்ல 925ன்னு இருந்தா எனக்கு மொதல்ல சந்தேகம் தான் வரும்.

ஊட்லயே பாக்கலாம். மரக்கட்டைய ஸ்க்ரூ கழட்டி எடுத்துருங்க, குதிரைய மட்டும் எடை போட்டுக்கோங்க. அப்பறம் கிச்சன் தராசு மேல தண்ணி பக்கெட்ட வெச்சு ஜீரோ பண்ணிட்டு, குதிரைய நூல்ல கட்டி முழுசா முங்கற மாதிரி தொங்க விடுங்க, பக்கெட்ல எங்கயும் படக்கூடாது. தராசு எத்தனை கிராம் ஏறுதோ அத்தனை மில்லி அதோட கன அளவு. எடைய அதுல வகுத்தா 925 வெள்ளிக்கு 10.3 பக்கம் வரணும், அதுக்கு ரொம்ப கம்மியா வந்தா உள்ள ரெசினோ காத்தோ தான்.

மாமாவுக்கு கொலுசு தான் வேணும்னா புதுசாவே வாங்கிக்க சொல்லுங்க. 2025 செப்டம்பர்ல இருந்து வெள்ளிக்கும் ஹால்மார்க்கோட எச்.யூ.ஐ.டி நம்பர் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி அடையாள நம்பர்) போடறாங்க, கட்டாயம் இல்ல, ஆனா இருக்கறத கேட்டு வாங்குனா பி.ஐ.எஸ் ஆப்லயே செக் பண்ணிக்கலாம்.

ஈரோட்டு அம்மிணி:
கறுப்புக்கு எல்லாம் பயப்படாதீங்க. பாத்திரத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு, சோடா உப்பு போட்டு, கொதிக்கற தண்ணி ஊத்தி பொம்மைய உள்ள போடுங்க, நிமிசத்துல பளபளன்னு ஆயிரும். நான் குத்துவிளக்கெல்லாம் அப்படித்தான் பண்றேன்.

பழசு பிரியன், கோவை:
அக்கா கோவிச்சுக்காதீங்க, வெறும் வெள்ளி தட்டு டம்ளருக்கு அது சரி, இந்த நாலுல எதுக்குமே ஆகாதுங்க. பசுவும் கன்னும் நம்மூர் தகடு வேலைன்னா உள்ள அரக்கு ஊத்தி இருப்பாங்க, கொதிக்கற தண்ணில போட்டா அரக்கு இளகி கால் வழியா ஒழுகிரும், பொறவு தகடு லேசா அமுக்குனாலே நசுங்கும். அதுக்கு விபூதிய காட்டன் துணில தொட்டு தொடச்சா போதும், மடிப்புல இருக்கற கறுப்ப நோண்டாதீங்க, வேலைப்பாடு தெரியறதே அந்த கறுப்புனால தான்.

கருப்பு யானை நீங்க சொல்றத பாத்தா கர்நாடகா பீதர் ஊரு வேலையா இருக்கும். அது வெள்ளியே இல்லைங்க, துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் சேத்து வார்த்தது, அதுல பள்ளம் வெட்டி வெள்ளிக் கம்பியும் தகடும் அடிச்சு எறக்குவாங்க. கடேசில பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் கலக்கி காய்ச்சுன தண்ணில போட்டா யானை மட்டும் கறுக்கும், வெள்ளி அப்படியே நிக்கும். அந்த கறுப்ப அழுக்குன்னு நெனச்சு பாலிஷ் போட்டா முடிஞ்சுது கதை, உருக்குனாலும் கைக்கு வர்றது ஒண்ணுமில்ல. காஞ்ச துணில தொடச்சு துளி எண்ணெய் தடவி வெச்சுருங்க.

எடைக்கு எடைங்கற பேச்சே இங்க எடுபடாதுங்க. ரஷ்யாவுல பேபர்ஜேங்கற நகைக் கம்பெனி செஞ்ச குட்டி குட்டி மிருகம் பலதும் உடம்பு பூரா கல்லு தான், கண்ணுல மட்டும் மணியா வைரமோ வேற கல்லோ இருக்கும். 1907ல இங்கிலாந்து ராசா ஏழாம் எட்வர்டு தன்ற சாண்ட்ரிங்காம் பண்ணைல இருந்த நாய், குதிரை, கோழி வரைக்கும் அவங்ககிட்ட செய்யச் சொன்னாரு. அதையெல்லாம் எவன் தராசுல வெக்கிறான்? உங்க குதிரை அந்த ஜாதி இல்ல, அது தெரிஞ்சது தான், ஆனா கேள்வி அதே தான்: யாரு செஞ்சது, டப்பாவும் பேப்பரும் இருக்குதா, நம்பர் போட்டு அளவா விட்ட செட்டா.

கோபிக்காரன்:
பாத்துட்டனுங்க. குதிரை 1240 கிராம், தராசு 610 ஏறுச்சு. வகுத்தா ரெண்டு தான் வருது. மாமாகிட்ட சொன்னேன், அவரு தராசு சரியில்லைங்கறாரு 😄

செவ்வாப்பேட்டை தம்பி:
கட்டி வெள்ளியா இருந்தா 120 தான் ஏறியிருக்கணும். தராசு எம்புட்டு மோசம்னாலும் அஞ்சு மடங்கா தப்பு காட்டும்? எங்க பட்டறைல வந்து உருக்குனீங்கன்னா பொகையும் நாத்தமும் தான் மிச்சம்.

கோபிக்காரன்:
அந்த மயிலு என்னங்க பண்றது? பெயிண்ட்டா மீனாகாரியான்னு தெரில.

பழசு பிரியன், கோவை:
மீனாகாரின்னா கண்ணாடிப் பொடிய சூளைல உருக்கி ஒட்ட வெச்சது, லென்ஸ்ல பாத்தா ஒடஞ்ச எடம் கண்ணாடி மாதிரியே சில்லா இருக்கும். பெயிண்ட்னா தோலு மாதிரி உரியும். எதா இருந்தாலும் தண்ணில ஊற வெக்காதீங்க. நாலையும் தனித்தனியா வெள்ளைத் துணில சுத்தி வெய்ங்க, ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீங்க, அதுல இருக்கற கந்தகம் பட்ட எடத்துல கறுப்பு கோடு விழுந்துரும். குதிரை அடிப்பாகத்தையும் யானை வவுத்துப் பக்கத்தையும் போட்டோ எடுத்து போடுங்க, பேரோ முத்திரையோ இருக்குதான்னு பாக்கலாம்.

கோபிக்காரன்:
சரிங்ணா, ஞாயித்துக்கெழமை போடறேன். டப்பா அட்டத்துல இருக்குதுன்னு அமுச்சி சொல்றாங்க, எலி கடிக்காம இருந்தா சரி.