ஒரு வண்டுக்காக மின்தொடர் நிற்கலாமா? நெப்ராஸ்காவின் ஆர்-பிராஜெக்ட் குறித்து

கேட்டவர்: கோபுரப் பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். உயரழுத்த மின்கோபுரங்கள் எழுப்பும் பணியில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் திட்டமிடப்பட்ட ஆர்-பிராஜெக்ட் என்னும் 345 கிலோவோல்ட் மின்தொடரை, அதாவது மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கம்பிப் பாதையைப் பற்றி அண்மையில் படித்தேன். சதர்லாந்து ஊருக்கு அருகிலுள்ள ஜெரால்ட் ஜென்டில்மேன் அனல்மின் நிலையத்தில் தொடங்கி, வடக்கே தெட்ஃபோர்டு வரை சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பி ஹோல்ட் கவுண்டியில் முடியும் அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 225 மைல். அதைக் கட்ட முனைந்தது தனியார் முதலாளி அல்லர். நெப்ராஸ்கா பப்ளிக் பவர் டிஸ்ட்ரிக்ட் என்னும் பொது அமைப்பு. அந்த மாநிலத்தில் மின்வழங்கல் முழுவதும் பொதுத் துறையிடமே இருக்கிறது.

பாதை 2015-இல் முடிவானது. வழியில் அமெரிக்கப் புதைவண்டு என்னும் அருகிவரும் பூச்சி வாழ்வதால் கூட்டரசின் மீன் மற்றும் வனவுயிர் சேவையிடம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அது 2019 ஜூனில் கிடைத்தது. 2020 ஜூனில் டென்வரிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மின்சாரம் இல்லாமல் பாசனப் பம்புகள் ஓடா, மருத்துவமனைகள் இயங்கா. காற்றாலை மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுசெல்லவும் இத்தகைய தொடர்களே வேண்டும். அப்படியிருக்க ஒரு வண்டுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது சரியா என்பதே என் கேள்வி. வாதத்துக்காகக் கேட்கவில்லை, என் தொழிலே இதுவாக இருப்பதால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: பூச்சி நோக்கர்

ஐயா, கேள்விக்கு நன்றி. அந்த மாநிலத்தில் இரண்டு கோடைக்காலங்கள் இதே வண்டைக் கணக்கெடுக்கும் குழுவுடன் நடந்தவன் என்பதால், முதலில் வண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் வாழ்க்கை தெரியாமல் இந்த வழக்கு விளங்காது.

ஐந்து கேலன் பிளாஸ்டிக் வாளியைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, அதற்குள் அழுகிய எலியொன்றை வைத்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. மூடியைத் தூக்கும்போது எழும் நாற்றத்துக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். ஆனால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு பளபளக்கும் கறுப்பு உடலும், முதுகில் செம்மஞ்சள் பொட்டுகளும், தலைக்குப் பின்னால் அதே நிறத்தில் ஒரு கேடயமுமாக ஒன்றரை அங்குல நீள வண்டு வெளியே வந்துவிட்டால், நாற்றம் மறந்துபோகும். கையில் எடுத்தால் அதன் மேல் சிறு உண்ணிகள் ஓடுவது தெரியும். அவை வண்டைத் தின்பவை அல்ல. வண்டின் மேல் சவாரி செய்து பிணத்துக்குப் போய் அங்குள்ள ஈ முட்டைகளைத் தின்று, வண்டின் குஞ்சுகளுக்குப் போட்டியைக் குறைப்பவை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து 80 முதல் 200 கிராம் வரை எடையுள்ள ஒரு பறவையின் அல்லது எலியின் உடலை ஓரிரவில் மண்ணுக்குள் இறக்கிவிடும். இறகையும் மயிரையும் நீக்கி, உருட்டி, தம் உடலிலிருந்து சுரக்கும் நீரைப் பூசி அழுகாமல் காக்கும். புழுக்கள் பொரிந்து வந்து இரை கேட்டுத் தலை தூக்கும்போது, பறவைகள் குஞ்சுகளுக்கு ஊட்டுவது போலத் தாய் தந்தை இருவரும் வாயிலிருந்து கக்கி ஊட்டும். பூச்சிகளில் இப்படிப் பெற்றோர் இருவரும் பிள்ளை வளர்ப்பது மிக அரிது.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் 35 மாநிலங்களிலும் கனடாவின் கிழக்குப் பகுதிகளிலும் இருந்த இந்த வண்டு, 1989-இல் அருகிவரும் உயிரினமாகப் பட்டியலிடப்பட்டபோது ரோட் ஐலண்டின் பிளாக் தீவிலும் கிழக்கு ஓக்லஹோமாவிலும் மட்டுமே இருப்பதாக அறியப்பட்டிருந்தது. நெப்ராஸ்காவில் அதன் பிறகுதான் மீண்டும் கண்டறியப்பட்டது. நிலம் துண்டு துண்டாகப் பிளவுபடும்போது ரக்கூன், ஸ்கங்க் போன்ற பிணந்தின்னிகள் பெருகி வண்டுக்கு உரியதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. பயணப் புறா அழிந்து அதற்கேற்ற அளவுள்ள இரை குறைந்ததும் ஒரு காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலே போகும் கம்பியால் வண்டுக்கு ஒன்றுமில்லை. அதன் துன்பமெல்லாம் தரையில்தான்: லாரிச் சக்கரம் இறுக்கிய மண், வெட்டிய குழி, இரவு வேலைக்காகப் போடும் விளக்கு. இந்த வண்டு ஈர மண்ணில் புதைந்து பகலைக் கழிக்கிறது, குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. சாண்ட்ஹில்ஸ் என்னும் அந்த மணற்குன்று நிலம், ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், புல் மட்டுமே பிடித்து வைத்திருக்கும் மணல். நம் தேரிக்காட்டு மணலை நினைத்துக்கொள்ளுங்கள். புல்லின் தோல் கிழிந்தால் காற்று அந்த இடத்தைக் குடைந்து பெரும்பள்ளமாக்கிவிடும். மாடு வளர்க்கும் பண்ணைக்காரர்கள் அஞ்சுவதும் அதற்குத்தான். வண்டுக்குக் கேடானதும் மேய்ச்சலுக்குக் கேடானதும் அங்கே ஒன்றே.

பதில் 2: சட்டம் படிப்பவர்

ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். வண்டு அந்த மின்தொடரை நிறுத்தியது என்பது வழக்கின் பாதிதான்.

1973-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் மிகக் கடுமையானது. 1978-இல் ஒரு சிறு மீனுக்காக, ஏறத்தாழக் கட்டி முடிந்திருந்த டெலிகோ அணையையே உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் 1982-இல் ஒரு வழி சேர்க்கப்பட்டது: வாழிடப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்து, கேட்டை இயன்றவரை குறைத்து, மிஞ்சியதற்கு ஈடு செய்தால், தவிர்க்க முடியாத உயிரிழப்புக்கு அனுமதி கிடைக்கும். அவ்வாறு முதல் அனுமதி வழங்கப்பட்டதும் ஒரு பூச்சியின் வாழிடத்தில்தான்: சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோ மலையில் வாழும் மிஷன் புளூ என்னும் வண்ணத்துப்பூச்சி. எனவே சட்டம் கட்டாதே என்று சொல்வதில்லை. எப்படிக் கட்டுவாய் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறது.

2020 தீர்ப்பில் பெரிய இடம் பிடித்தவை வேறு இரண்டு. ஓரிகன், கலிஃபோர்னியா குடியேற்றப் பாதைகளில் சென்ற வண்டிகளின் தடம் இன்றும் தெரியும் ஓஃபாலன்ஸ் மேட்டுக்கு நேரும் பாதிப்பை மீன் மற்றும் வனவுயிர் சேவை சரிவர ஆராயவில்லை என்பது ஒன்று. இந்தத் தொடர் வந்தால் அதைப் பின்பற்றி வரப்போகும் காற்றாலைகளின் விளைவைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது மிக முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். காற்றாலை மின்சாரத்துக்காகவே தொடர் வேண்டும் என்று தேவையை விளக்கும்போது சொல்லிவிட்டு, பாதிப்பை எண்ணும்போது அந்தக் காற்றாலைகளை மறந்துவிட முடியாது. வரவில் எழுதியதைச் செலவிலும் எழுத வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் இந்த வண்டு 'அருகிவரும்' என்ற நிலையிலிருந்து 'அச்சுறுத்தலுக்குள்ளான' என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. தென்பகுதி வண்டுகள் வெப்பத்தால் அழியும் வாய்ப்பு பெரிது என்று மாற்றத்தை அறிவித்த ஆவணமே ஒப்புக்கொண்டிருந்ததால், அந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை.

கேட்டவர்: கோபுரப் பணியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. வரவும் செலவும் பற்றிச் சொன்னது சிந்திக்க வைத்தது.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மணலில் கோபுரத்துக்குக் கடைக்கால் தோண்டினால் கரை சரிந்துகொண்டே வரும். ஒரு காலுக்கு வேண்டிய குழி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரு மடங்காக அகன்றுவிடும். பிறகு கான்கிரீட் லாரி, கிரேன், கம்பி டிரம், கம்பி இழுக்கும் புல்லர், டென்ஷனர் என்று ஒவ்வொன்றும் வந்து போகும் வழியைக் கணக்கிட்டால், கோபுரம் நிற்கும் இடத்தைவிட வழித்தடம்தான் பன்மடங்கு நிலத்தைத் தின்னும். ஆர்-பிராஜெக்ட் திட்டத்தைப் பார்த்தேன். சாலை இல்லாத மணற்குன்றுகளில் திருகாணி போல முறுக்கி இறக்கும் எஃகுத் தூண்களின் மேல் கோபுரங்களை நிறுத்தவும், வேறிடத்தில் பூட்டிய கோபுரப் பகுதிகளை ஹெலிகாப்டரில் தூக்கி வரவும் அதில் எண்ணியிருக்கிறார்கள். செலவு கூடும். ஆனால் அந்த மணலுக்கு அதைவிடச் சரியான முறையை என்னாலும் சொல்ல முடியாது.

ஓர் ஐயம். தரை உறைந்திருக்கும் குளிர்காலத்தில் வேலை செய்தால் சக்கரத் தடம் ஆழமாகப் பதியாது. அதுதானே வண்டுக்கும் நல்லது?

பதில் 3: பூச்சி நோக்கர்

அதுதான் இதில் கடினமான முடிச்சு. குளிர்காலத்தில் சக்கரத்தால் மண் இறுகுவது குறையும். ஆனால் வண்டு அந்த மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும், குழி வெட்டினால் தப்பி ஓடாது. கோடையில் அதைப் பொறியில் பிடித்து வேறிடத்தில் விடலாம். ஆனால் ஈரப் புல்வெளியில் வண்டி போனால் தடம் விழும். எனவே நெப்ராஸ்காவில் சொல்லப்படும் வழி இரண்டையும் கோப்பது. வேலை நடக்கப்போகும் இடத்தில் கோடையிலேயே புல்லைக் கட்டையாக வெட்டி அகற்றி, மேல்மண்ணைக் காயவிட்டு, செத்துக் கிடக்கும் சிறு விலங்குகளை அவ்வப்போது பொறுக்கி எடுத்துவிட்டால், காய்ந்த மண்ணையும் இரையில்லாத இடத்தையும் விட்டு வண்டு தானே விலகும். அதன் பிறகு குளிர்காலத்தில் வேலை செய்யலாம். ஓராண்டுக்கு முன்பே நாள் குறித்துத் திட்டமிடும் ஒப்பந்தக்காரருக்குத்தான் இது முடியும். ஆணை கிடைத்த மறுநாள் ஆட்களை இறக்குகிறவருக்கு முடியாது.

பொறியில் பிடித்து மாற்றுவதை நான் பெரிதும் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டே வாழும் பூச்சியை, இனப்பெருக்கம் செய்யும் வாரங்களில் பெயர்த்துக்கொண்டு போவது, உயிரைக் காத்தாலும் ஒரு தலைமுறையைக் குலைக்கக்கூடும்.

பதில் 4: விஸ்கான்சின்வாசி

மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். எங்கள் மாநிலத்தில் கார்னர் புளூ என்னும் சிறு நீல வண்ணத்துப்பூச்சி 1992 முதல் அருகிவரும் பட்டியலில் உள்ளது. அதன் புழு காட்டு லூபின் செடியின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. லூபினோ வெயில் இல்லாமல் வாழாது. காட்டுத்தீ அடக்கப்பட்டு மரங்கள் மூடிக்கொண்ட இடங்களில், கம்பிக்குக் கீழே மரம் வெட்டி வைத்திருக்கும் மின்பாதைகளே அதற்கு வீடாகிவிட்டன. மின் நிறுவனங்களும் வனத் தொழில் நிறுவனங்களும் சேர்ந்த மாநிலம் தழுவிய பாதுகாப்புத் திட்டம் ஒன்று 1999 முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. இரண்டாம் தலைமுறையின் முட்டைகள் தரையை ஒட்டியே குளிர்காலத்தைக் கழிப்பதால், எப்போது அறுப்பது, கத்தியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. வண்ணத்துப்பூச்சிக்கு வெயில் வேண்டும், புதைவண்டுக்குக் கலையாத மண் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதிமுறையை எழுதினால் இரண்டுமே கெடும்.

கேட்டவர்: கோபுரப் பணியாளர்

ஓஃபாலன்ஸ் மேட்டின் படங்களைத் தேடிப் பார்த்தேன். மாட்டு வண்டிகள் போய் 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. தடம் இன்னும் தெரிகிறது. எங்கள் கான்கிரீட் லாரி ஒன்றின் எடை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அடுத்த பணியில் வழித்தடத்தை முன்கூட்டியே குறித்து, போகவும் வரவும் ஒரே தடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லப்போகிறேன். புல் வெட்டுவதற்கு ஏற்ற மாதங்கள் பற்றிப் பூச்சி நோக்கர் ஐயா விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.