பின்னூட்டப் படிவம் ரெண்டு தடவை அனுப்பியாச்சு, 87ஆம் பக்கம் அப்படியேதான் இருக்கு. யார்கிட்ட சொல்லணும்?

ஆண்டர்சன் தெரு கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் 14 வருஷமா கணக்கு எழுதுறேன். ப்ளஸ் டூவோட நின்னுபோன படிப்பு. பொண்ணு ஒன்பதாவது போனதும் எனக்கும் தைரியம் வந்து, தொலைநிலைக் கல்வியில் பி.காம் சேர்ந்தேன். இப்போ மூணாவது செமஸ்டர். பல்கலைக்கழகத்தின் பேர் வேண்டாம்.

முதல் செமஸ்டர் கணக்கியல் புத்தகத்தில் 87ஆம் பக்கம் ஒரு பேலன்ஸ் ஷீட். சொத்துப் பக்கம் மொத்தம் 4,36,000. பொறுப்புப் பக்கம் 4,63,000. ரெண்டும் ஒண்ணா வரணும். நம்ம தப்பாத்தான் இருக்கும்னு ரெண்டு ராத்திரி போட்டுப் போட்டுப் பார்த்தேன். மூணாம் நாள் மதியம் கடையில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் உறைச்சது. வித்தியாசம் 27,000, ஒன்பதால் வகுபடுது. கணக்கு எழுதுறவங்களுக்குத் தெரியும், அப்படி வந்தா முதல்ல எண் இடம் மாறியிருக்கான்னுதான் பார்க்கணும். அதேதான். 36ஐ 63னு அச்சடிச்சிருக்காங்க.

எனக்கு 14 வருஷப் பழக்கம், கண்டுபிடிச்சேன். எங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போற ஒரு பொண்ணு, "அக்கா, எனக்குக் கணக்கு மண்டையில் ஏறாது போல"ன்னு சொல்லி அந்தப் பேப்பரையே எழுதாம விட்டுட்டா. அந்தப் பக்கத்தை மூணு தடவை போட்டுப் பார்த்தாளாம். இதை நினைச்சா இன்னும் மனசு ஆறலை.

செமஸ்டர் முடிவில் ஒரு பின்னூட்டப் படிவம் வருது. ஒண்ணு முதல் அஞ்சு வரை வட்டம், கடைசியில் கருத்துக்கு ஒரு சின்னக் கட்டம். ரெண்டு தடவையும் 87ஆம் பக்கத்தை எழுதினேன். இந்த வருஷம் சேர்ந்த ஒரு தம்பி புதுப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான், அதே 4,63,000.

இன்னொண்ணு, வகுப்பு வீடியோ. பீச் ஸ்டேஷனில் ஏறி திருவொற்றியூரில் இறங்குற வரைக்கும்தான் எனக்குப் படிப்பு நேரம். சார் போர்டு பக்கம் திரும்பினா குரலே இல்லை, ஃபேன் சத்தம் மட்டும். இதையும் எழுதினேன்.

அந்தப் படிவம் எங்கே போகுது? யாராவது படிக்கிறாங்களா? எப்படி எழுதினா மாத்துவாங்க?

பழைய செக்‌ஷன் ஆள்:

அம்மா, நான் ஒரு தொலைநிலைக் கல்வி அலுவலகத்தில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் நடந்ததைச் சொல்றேன். வட்டம் போட்டதெல்லாம் சதவீதமாகி அறிக்கையில் படமா உட்கார்ந்துவிடும். கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தரச் சான்று தருகிற நாக் குழு வரும்போது, பின்னூட்டம் வாங்கினீர்களா, அலசினீர்களா, நடவடிக்கை எடுத்து இணையதளத்தில் போட்டீர்களா என்று கேட்பார்கள். அதற்கு அந்தச் சதவீதம் வேண்டும். கருத்துக் கட்டத்தில் நீங்க எழுதினதை ஆள் இருந்தால் தட்டச்சு செய்வோம், இல்லாவிட்டால் இல்லை. பாடம் எழுதிய ஆசிரியர் மேசைக்கு அது போய் நான் பார்த்ததில்லை. அது எங்கள் பக்கத்துத் தவறுதான், இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைப்படி தொலைநிலைக் கல்வி நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் தர உறுதி மையம் இருக்க வேண்டும். மாணவர் கருத்தைக் கேட்டு வாங்குவது அதன் வேலை. அதன் இயக்குநருக்கு எழுதுங்கள், நகல் துறைத் தலைவருக்கு.

முக்கியமாக ஒன்று. பாடத்திட்டம் மாற வேண்டுமென்றால் பாடத்திட்டக் குழு கூடி, கல்விக் குழுவுக்குப் போய் வர வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். அச்சுப் பிழைக்கு அது எதுவும் வேண்டாம். ஒரு பிழைதிருத்தத் தாள் போதும், பாட ஒருங்கிணைப்பாளரே முடித்துவிடலாம். நீங்க புத்தகம், வீடியோ, பாடத்திட்டம் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் அது மூன்று மேசைக்கும் சொந்தமில்லாமல் சுற்றும். பிழைக்கு மட்டும் தனிக் கடிதம். எந்தப் பக்கம், எந்த வரி, அச்சில் என்ன, சரி என்ன. தபால் பிரிவில் கொடுத்து இன்வர்டு நம்பர், அதாவது கடிதம் வந்ததைப் பதிவு செய்த எண், வாங்காமல் திரும்பாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், அதற்கும் பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் முதலில் கடிதம்.

ஞாயிறு வகுப்பு வாத்தியார்:

நான் ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு எடுக்கிறவன். மாணவர்கள் என்ன எழுதினார்கள் என்று ஒருநாளும் எனக்கு யாரும் காட்டியதில்லை. போன வருஷம் ஒரு மாணவர் வகுப்பு முடிந்ததும் வாசல் வரை வந்து, "சார், போர்டு பக்கம் திரும்பினா ஒண்ணும் கேக்கலை" என்றார். அடுத்த வாரமே சட்டைக் காலரில் மாட்டுகிற மைக் ஒன்றை சொந்தக் காசில் வாங்கினேன். இப்போது ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன், ரயிலில் திரையைப் பார்க்காமல் கேட்கிறவர்களும் இருப்பார்கள் என்று. சகோதரி, உங்க சாரிடம் நேரில் சொல்லுங்கள். சொன்னால் கோபிப்பார் என்று நினைக்க வேண்டாம்.

பட்டாபிராம் மாணவி:

எங்க நிறுவனத்தில் அசைன்மென்ட் ஏத்துற கடைசி நேரம் சாயங்காலம் 5 மணின்னு இருந்தது. ஷிஃப்ட் வேலைக்காரங்க எப்படி ஏத்துவாங்க? அகமதிப்பீட்டு மார்க் அதுலதான் வருது. ஷிஃப்ட் நேரத்தை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், ராத்திரி 11:59ன்னு மாத்தினாங்க. அதைவிட, "நீங்க கேட்டீங்க, மாத்தியிருக்கோம்"னு எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் எங்க பேட்ச் அந்தப் படிவத்தை மதிச்சு நிரப்ப ஆரம்பிச்சது.

ஆண்டர்சன் தெரு கணக்கு:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்குத் தனியா.

குரூப்பில் எல்லாரும் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்ததில் 11 பிழை கிடைச்சது. ஐயா சொன்ன மாதிரியே பக்கம், வரி, அச்சில் இருப்பது, சரியானதுன்னு நாலு கட்டம் போட்டு எழுதி, சனிக்கிழமை அரை நாள் பெர்மிஷன் வாங்கிட்டுப் போய்க் கொடுத்தேன். இன்வர்டு நம்பர் கையில இருக்கு.

ஆறாம் நாள் ஒருங்கிணைப்பாளர் மேடமே போன் பண்ணாங்க. 112ஆம் பக்கத்தில் நாங்க பிழைன்னு சொன்னது பிழை இல்லை, தேய்மானம் போடுற முறை வேறன்னு பொறுமையா விளக்கினாங்க. மீதி பத்தும் சரின்னு ஒத்துக்கிட்டாங்க. போன வாரம் பிழைதிருத்தத் தாள் இணையதளத்தில் வந்தாச்சு. குடோனில் இருக்கிற புத்தகத்தோட அந்தத் தாளையும் வெச்சு அனுப்பணும்னு கேட்டிருக்கேன், அதுக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போவேன். வீடியோ பத்தி சார்கிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லப் போறேன்.

ஒரகடத்துப் பொண்ணுக்கு அந்தத் தாளை அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு, "அப்போ நான் போட்டது சரியாக்கா?"ன்னு கேட்டா. அவ நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மூணு தடவையும் 4,36,000தான் வந்திருக்கு, மூணு தடவையும் அவளே அடிச்சு வெச்சிருக்கா. அரியருக்குப் பணம் கட்டிட்டா.