காலையில் மட்டும் வண்டி மிஸ் ஆகிறது, அவசர உதவி தேவை

மேமியோ பூக்கடை:
வணக்கம். பர்மாவின் மலையூரான மேமியோவில் பூ வியாபாரம் செய்கிறேன். விடியற்காலையில் என் மோட்டார் சைக்கிள் மிஸ் ஆகிறது, அதாவது இஞ்சின் விட்டுவிட்டு எரிகிறது. கிக்கரை உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆக்சிலேட்டரைத் திருகியதும் திக்கித் திணறி அணைந்துவிடுகிறது. சூடேறிய பிறகு ஒரு குறையும் இல்லை. இஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைப் புதிதாக மாற்றிவிட்டேன். மார்கழி பிறந்ததிலிருந்து இதே தொல்லை. விடிவதற்குள் பூவைச் சந்தையில் இறக்கியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு தம்பி:
அண்ணே, என்ன வண்டி? எத்தனை சிசி? பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? இது தெரியாமல் என்ன சொல்வது?

தட்டோன் பட்டறை:
எந்த வண்டியானாலும் பிளக்கின் தலையில் மாட்டும் கேப்தான் காரணம். பனி ஈரம் கேப்புக்குள் இறங்கினால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் இஞ்சின் உடம்பில் கசியும். சூட்டில் ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடும். இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு வயரைப் பாருங்கள், நீலப் பொறி தெறித்தால் அதுதான். பெரும்பாலான கேப்புகள் மீட்டரில் 5 கிலோ ஓம் அளவு காட்டும். அளவே காட்டாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

உதிரிபாகக் கடை அக்கா:
தம்பி, சோக் (குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் பிடி) இழுத்து ஓட்டினால் எப்படி இருக்கிறது? கழற்றிய பழைய பிளக்கின் முனை என்ன நிறம்? கறுப்பா, வெள்ளையா, செங்கல் நிறமா? இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.

மூத்த மெக்கானிக்:
வண்டியின் பெயர் இல்லை, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார் என்பதும் இல்லை. கேள்வி கேட்கவும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. மேமியோ ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பத்து விழுக்காடு குறைவு. கீழே சமவெளியில், மண்டலேயில் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகு) பொருத்திய வண்டியை மலைக்குக் கொண்டுபோனால் பெட்ரோல் அதிகமாகி மிஸ் ஆகத்தான் செய்யும். சிறிய மெயின் ஜெட் போடுங்கள். இது அடிப்படைப் பாடம்.

உதிரிபாகக் கடை அக்கா:
ஐயா, உயரக் கணக்கு சரிதான். ஆனால் 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கும்போது காற்று ஏழு விழுக்காடு அடர்த்தியாகிறது, உயரத்தில் குறைந்தது பெரும்பாலும் ஈடாகிவிடும். அதோடு, குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் சோக் போட்டுக் கூடுதலாகக் கொடுக்கிறோம். பெட்ரோல் அதிகம் என்றால் காலையில் நன்றாக ஓடி, சூடேறியபின் அல்லவா திணற வேண்டும்? இவருக்கு நேர்மாறாக நடக்கிறது. மெயின் ஜெட் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல்தான் முழுதாக வேலை செய்யும். இவர் புறப்படும்போதே நின்றுபோகிறார்.

மூத்த மெக்கானிக்:
கடையில் பொருள் விற்பது வேறு, இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது வேறு.

ரங்கூன்வாசி:
சாலையோரம் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை நிறுத்துங்கள். 95 ஆக்டேன் போடுங்கள், தானாகச் சரியாகும்.

பெகு தம்பி:
ஆக்டேன் என்பது இஞ்சின் தட்டாமல் இருப்பதற்கான அளவு அண்ணே. குளிரில் பெட்ரோல் ஆவியாவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 92 போதும். 2003 முதல் ரங்கூனில் பெரும்பாலான இடங்களில் மோட்டார் சைக்கிளுக்கே தடை. நீங்கள் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்?

ரங்கூன்வாசி:
தடை வருமுன் நான் ஓட்டாத வண்டி கிடையாது. பாட்டில் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயதில் மூத்தவரிடம் பேசும் முறையா இது?

தட்டோன் பட்டறை:
தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கார்புரேட்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். சண்டையை விடுங்கள், அவர் பதில் சொல்லட்டும்.

மேமியோ பூக்கடை:
மன்னிக்கவும், சந்தையில் இருந்தேன். 125 சிசி, கார்புரேட்டர், தாய்லாந்திலிருந்து வந்த பழைய வண்டி. சோக் இழுத்தால் ஓடுகிறது, அதை உள்ளே தள்ளினால் நின்றுவிடுகிறது. பிளக் முனை வெள்ளை. மழைக்காலம் முழுதும் வண்டி கொட்டகையில் சும்மா நின்றது.

உதிரிபாகக் கடை அக்கா:
வெள்ளை முனை என்றால் பெட்ரோல் குறைவு. அதோடு சோக்கில் ஓடுவது, மாதக்கணக்கில் நின்ற வண்டி: ஆக்சிலேட்டர் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது தம்பி. பழைய பெட்ரோல் வற்றிப் பிசினாகி, அந்த நுண்ணிய துளையில் படிந்துவிடும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். நடுவில் பெரிதாக இருப்பது மெயின் ஜெட், அதைத் தொட வேண்டாம். பக்கத்தில் மெலிந்து இருப்பதை, பொருந்துகிற திருப்புளியால் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். துளை வழியே ஒளி தெரிய வேண்டும். ஊசி, கம்பி குத்தாதீர்கள், பித்தளைத் துளை அகன்றுவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வேண்டுமானால் மின்வயரின் ஒற்றைச் செப்பு இழையை மட்டும் நுழையுங்கள். வெளியிலுள்ள கலவைத் திருகைக் கழற்றினால், முதலில் உள்ளே மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள்.

தட்டோன் பட்டறை:
கார்புரேட்டரைக் கழற்றுகிறீர்கள் என்றால் இஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள ரப்பரையும் பாருங்கள். குளிரில் இறுகி வெடிப்பு விட்டால் அங்கேயும் காற்று புகும், அறிகுறி இதே போல்தான் இருக்கும். பிளக் கேப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூத்த மெக்கானிக்:
ஸ்லோ ஜெட் என்று நானும் சொல்லவிருந்தேன். வால்வு இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், இஞ்சின் முழுதும் ஆறிய பிறகு.

மேமியோ பூக்கடை:
அக்காவுக்கு நன்றி. ஸ்லோ ஜெட்டில் ஒளியே தெரியவில்லை. ஊறவைத்து மாட்டினேன். இன்று காலை சோக்கை அரை நிமிடத்தில் தள்ளிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். ரப்பர் நன்றாக இருக்கிறது.

மோல்மீன் மாணவன்:
அக்கா, என் வண்டியிலும் இதே தொல்லை. ஆனால் என்னுடைய பிளக் கறுப்பு. நானும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றலாமா?

உதிரிபாகக் கடை அக்கா:
வேண்டாம் தம்பி, கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். சோக் முழுதாகத் திரும்புகிறதா, ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தனிப் பதிவாக எழுதுங்கள். வண்டியின் பெயரோடு.